ஸ்மித் வீட்டு எள்ளுப் பாட்டி

இங்கிலாந்தில் வம்ச வரலாறு தேடுவது பலருக்கு வாழ்நாள் ஆர்வம். அந்தத் தேடல் ஒரு தாழ்ந்த குரல் பேச்சிலிருந்து தொடங்கும் வீடுகள் நிறைய உண்டு. "அம்மாவின் பாட்டிக்கு அம்மா ஜிப்சியாம்" என்று ஒரு பெரியம்மா எப்போதோ சொல்லியிருப்பார். அதற்குமேல் கேட்டால் பேச்சை மாற்றியிருப்பார். அந்த எள்ளுப் பாட்டியின் குடும்பப் பெயர் என்ன என்று தேடிப் பார்த்தால் ஸ்மித் என்று வரும். அல்லது லீ, கூப்பர், பாஸ்வெல், லவல், ஸ்டான்லி, ஹெர்ன், கிரே, வுட் என்று வரும். இவை, ஜிப்சி என்று பிறர் அழைக்கும் பிரிட்டனின் ரோமானி மக்களிடையே பரவலாக உள்ள பெயர்கள் என்று எந்தக் கையேட்டைத் திறந்தாலும் போட்டிருக்கும். பெரியம்மா சொன்னது உண்மைதான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடுபவர்கள் உண்டு.

நமக்குத் தலைப்பெழுத்துதான் பழக்கம். தந்தையின் பெயர் ஒரு தலைமுறைக்கு முன்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். ஆங்கிலேயரின் குடும்பப் பெயரோ தந்தை வழியாக ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் மாறாமல் இறங்கி வரக்கூடியது. அப்படிப்பட்ட ஒரு பெயர் வம்சத்தை அடையாளம் காட்டிவிடும் என்று அவர்கள் நம்புவதில் வியப்பில்லை. ஆனால் ரோமானி மக்களின் வரலாற்றில் அந்த நம்பிக்கை சறுக்குகிறது. எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால், அவர்கள் கடந்து வந்த பாதை முழுவதுமே தெரியவரும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இங்கிலாந்தில் ஸ்மித் என்ற பெயர் கொண்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மை ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர் என்று பதிந்துகொண்டவர்கள் 71,440 பேர். அந்த 71,440 பேருமே ஸ்மித்துகள் என்று வைத்துக்கொள்வோம். நடக்கவே முடியாத அனுமானம்தான். அப்போதுகூட ஏழு ஸ்மித்துகளில் ஒருவர்தான் இந்தச் சமூகத்தவராக இருப்பார். கொஞ்சம் நிதானமாக, பத்தில் ஒருவர் ஸ்மித் என்று கொண்டால் எழுபது ஸ்மித்துகளில் ஒருவர்தான் தேறுவார். "ரோமானிகளில் பலர் ஸ்மித்" என்பது ஒரு கூற்று. "ஸ்மித்துகளில் பலர் ரோமானி" என்பது வேறொரு கூற்று. முதலாவது உண்மையாக இருக்க, இரண்டாவது முழுப் பொய்யாக இருக்கலாம். நோய்ப் பரிசோதனை முடிவுகளைப் படிக்கும் மருத்துவரும் தடயங்களை எடைபோடும் நீதிபதியும் தவறாமல் பழக வேண்டிய நிகழ்தகவுப் பாடம் இதுதான். லீ என்ற பெயரில் குழப்பம் இன்னும் கூடுதல். அது பழைய ஆங்கிலப் பெயர், ரோமானிப் பெயர், சீனர்களும் கொரியர்களும் ஆங்கிலத்தில் அப்படியே எழுதும் பெயர். லவரிட்ஜ், ஸ்கேம்ப், பக்லாண்ட் போன்ற அரிய பெயர்களுக்குச் சற்றுக் கூடுதல் எடை தரலாம். அவையும் தனியாக நின்று எதையும் நிரூபிப்பதில்லை.

இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கு இவ்வளவு சாதாரண ஆங்கிலப் பெயர்கள் எப்படி வந்தன?

இந்தியாவிலிருந்துதான் புறப்பட்டார்கள் என்பதை முதலில் காட்டியது அவர்களின் மொழி. ஜெர்மானிய அறிஞர் ரூடிகர், ஐரோப்பாவில் ரோமா என்று சொல்லப்படும் இம்மக்களில் ஒரு பெண்ணிடம் வாக்கியங்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு, இந்துஸ்தானி இலக்கணத்தோடு ஒப்பிட்டு, 1782இல் தன் ஆய்வை வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இன்னொரு கதை ஐரோப்பாவில் உலவியது. வாலி என்ற ஹங்கேரியப் பாதிரியார் ஹாலந்தின் லெய்டனில் படித்தபோது, அங்கிருந்த மலபார் மாணவர்களிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் குறித்துக்கொண்டாராம். ஊர் திரும்பி ஜியோர் பகுதி ரோமாக்களிடம் அவற்றைப் படித்துக் காட்ட, அவர்களுக்குப் பொருள் விளங்கியதாம். இந்தக் கதை நம்மை நேரடியாகத் தொடுகிறது. அக்காலத்து ஐரோப்பியர் 'மலபார் மொழி' என்று சொன்னது பல நேரங்களில் தமிழைத்தான். ஆனால் கதை சொல்லப்படும் வடிவில் நடந்திருக்க வாய்ப்பில்லை. ரோமானி இந்தோ-ஆரிய மொழி, தமிழும் மலையாளமும் திராவிட மொழிகள். சமஸ்கிருதத்திலிருந்து இரு பக்கமும் வந்த சில சொற்கள் ஒத்திருக்கலாம். ஆயிரம் சொற்கள் ஒத்துப்போகாது.

ரூடிகர் தொடங்கிவைத்த ஒப்பீட்டைப் பின்னால் வந்தவர்கள் ஆழப்படுத்தினார்கள். ரோமானியில் ஒன்று முதல் ஆறு வரையும், பத்தும் இந்திய எண்கள்: யேக், துய், த்ரின், ஷ்டார், பாஞ்ச், ஷோவ், தேஷ். ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் கிரேக்கம். தண்ணீர் பானி, மனிதன் மனுஷ், மூக்கு நாக், காது கான். உடலும் உறவும் அன்றாடமும் இந்தியச் சொற்களில் இருக்க, வழியில் சந்தித்தவை அந்தந்த நாட்டுச் சொற்களில் உள்ளன. சேணத்துக்குப் பாரசீகச் சொல். குதிரைக்கு ஆர்மீனியச் சொல். லாடத்துக்கும் சாலைக்கும் கிரேக்கச் சொல். ஒரே குதிரையைச் சுற்றிய சொற்களை வைத்தே பாரசீகம், ஆர்மீனியா, பைசாந்தியப் பேரரசு என்று அவர்கள் கடந்த நாடுகளை வரிசைப்படுத்திவிடலாம். எந்த அரசனின் சாசனமும் இல்லாத ஒரு பயணத்துக்கு இதைவிட நம்பகமான ஆவணம் இல்லை என்பது என் எண்ணம்.

பால்கன் பகுதியில் அவர்கள் பல தலைமுறைகள் தங்கினார்கள். இன்றைய ருமேனியாவின் வாலாகியா, மால்டாவியா அரசுகளில் அவர்களை அடிமைகளாக்கினார்கள். 1385ஆம் ஆண்டு ஆவணத்திலேயே ரோமா குடும்பங்கள் மடத்துச் சொத்தாகக் குறிப்பிடப்படுகின்றன. அந்த அடிமைமுறை முற்றாக ஒழிய 1856 ஆயிற்று. மேற்கே நகர்ந்தவர்கள் 1417 முதல் ஜெர்மானிய நகரங்களில் தென்படுகிறார்கள், 1427இல் பாரிஸில். தங்களைச் 'சிறிய எகிப்தின்' யாத்ரிகர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். எகிப்தியர் என்ற அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் தேய்ந்து ஜிப்சி ஆனது.

பிரிட்டனில் அவர்களின் முதல் தடயங்களில் ஒன்று 1505ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து அரசுக் கருவூலக் கணக்கில் இருக்கிறது. மன்னர் நான்காம் ஜேம்ஸின் ஆணைப்படி 'எகிப்தியருக்கு' 7 பவுன் கொடுத்ததாகக் குறிப்பு. அதே ஆண்டு அந்த மன்னர் டென்மார்க் அரசருக்கு எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் சிறிய எகிப்தின் பிரபு அந்தோனியஸ் காகினோ என்று ஒரு பெயர் வருகிறது. 1540இல் ஐந்தாம் ஜேம்ஸ் ஜானி ஃபா என்பவரைச் சிறிய எகிப்தின் தலைவராக ஏற்று ஆணையிடுகிறார். அந்த ஆணையில் அவரோடு முரண்பட்டுப் பிரிந்தவர்களின் பட்டியலும் உண்டு: செபாஸ்டியன் லாலோ, சதோனா ஃபிங்கோ, டவ்லா பெய்லியோ, கிராஸ்தா நெய்ன். வாசித்துப் பாருங்கள். ஸ்மித்தும் இல்லை, கூப்பரும் இல்லை. பால்கனிலிருந்து வந்த மக்கள் சொந்தப் பெயர்களோடுதான் வந்து இறங்கினார்கள். அதன் பிறகு அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பெய்லியோ மட்டும் ஸ்காட்லாந்துப் பெயரான பெய்லி ஆகி நின்றுவிட்டது என்று கருதப்படுகிறது.

மறைந்ததற்கான காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1530இல் எட்டாம் ஹென்றியின் சட்டம் எகிப்தியர் இங்கிலாந்துக்குள் வருவதைத் தடுத்தது, உள்ளே இருப்பவர்களை வெளியேறச் சொன்னது. 1554 சட்டம் மரண தண்டனையைக் கொண்டுவந்தது. நாட்டில் ஒரு மாதத்துக்கு மேல் தங்கினாலே குற்றம். ஆனால் அதே சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்தது. நாடோடி வாழ்க்கையை விட்டுவிட்டு, நேர்மையான உள்ளூர்க்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தால் தண்டனை இல்லை. 1562இல் இன்னொரு சட்டம் வந்தது. எகிப்தியரைப் போல வேடமிட்டு அவர்களோடு திரிபவர்களையும் அது குற்றவாளிகள் ஆக்கியது. இங்கிலாந்திலேயே பிறந்தவர்களை நாட்டை விட்டு வெளியேறும்படி கட்டாயப்படுத்துவதில்லை என்றும் சொன்னது.

இந்த இரண்டு விதிவிலக்குகளையும் ஒரு தகப்பனின் இடத்திலிருந்து படிக்க வேண்டும். என் பிள்ளை இங்கே பிறந்தவன், இந்த ஊர்ப் பெயர் கொண்டவன், இன்னாருடைய ஆள் என்று காட்ட முடிந்தால் உயிர் மிஞ்சும். சதோனா ஃபிங்கோ என்ற பெயரோடு நீதிபதி முன் நின்றால் கழுத்துக்கே ஆபத்து. இது வெறும் ஊகமல்ல. 1596இல் யார்க்கில் 106 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, அவர்களில் ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். எலிசபெத் காலத்து அந்த 1562 சட்டம் நீக்கப்பட்டது 1783இல்தான்.

ஆக, ஆங்கிலப் பெயர் என்பது மறைந்துகொள்ள ஒரு போர்வை. ஸ்டான்லி, கிரே, ஹெரன், லவல் என்று அக்காலப் பெருநிலக்கிழார்களின் பெயர்கள் ரோமானிகளிடையே வழங்குவதற்கு, அந்தப் பண்ணைகளில் அவர்கள் தங்கியதோ, அந்தக் குடும்பங்கள் ஞானஸ்நானத்தின்போது ஆதரவு தந்ததோ காரணம் என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எல்லாப் பெயருக்கும் இதை நிறுவ முடியாது என்றாலும் பொருத்தமான விளக்கமாகவே எனக்குப் படுகிறது. ஸ்பெயினிலும் இதே கதைதான். ஹெரேடியா, மோந்தோயா, வர்காஸ், அமாயா என்று அங்குள்ள ஹிதானோ மக்கள் தாங்கும் பெயர்கள் பழைய ஸ்பானியப் பெயர்கள். ஹங்கேரியில் லகடோஷ் என்பார்கள், பூட்டு செய்பவர் என்று பொருள்படும் தொழிற்பெயர். ஜெர்மனியின் சிந்தி மக்களிடம் ரைன்ஹார்ட், ரோசன்பெர்க், வைஸ். கிடார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரை மட்டும் கேட்டால் ஒரு ஜெர்மன் கடைக்காரர் என்றுதான் நினைப்போம்.

வெளியாருக்கு ஒரு பெயர் என்றால் வீட்டுக்குள் இன்னொன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ரோமானிகளின் பேச்சைத் தொகுத்தவர்கள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஸ்மித்துகள் தங்களுக்குள் பெதுலெங்ரோ, லாடம் அடிப்பவர்கள். கூப்பர்கள் வண்டி செய்பவர்கள். லவல்கள் அன்பைக் குறிக்கும் கம்லோ. ஜார்ஜ் பாரோ 1851இல் வெளியிட்ட 'லாவெங்ரோ' நூலின் ஜாஸ்பர் பெதுலெங்ரோ உண்மையில் ஆம்ப்ரோஸ் ஸ்மித் என்ற மனிதரைப் பார்த்து எழுதப்பட்ட பாத்திரம். இந்த உள்பெயர்கள் பதிவேடுகளில் அரிதாகவே ஏறின. அரசாங்க எழுத்தர் எழுதியது பெரும்பாலும் போர்வையைத்தான்.

பெயர் எவ்வளவு எளிதாக நழுவும் என்பதற்கு வேல்ஸில் ஓர் அருமையான குடும்பம் இருக்கிறது. 1799இல் லாங்கெலினின் என்ற கடலோரக் கிராமத்துத் தேவாலயப் பதிவேட்டில் ஆப்ரம் வுட் என்ற பயணிக்கும் எகிப்தியர் அடக்கம் செய்யப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறது. வேல்ஸ் ரோமானிகளின் மூதாதையாகப் போற்றப்படுபவர் அவர். 'ஆப்ரம் வுட் குடும்பம்' என்றாலே வெல்ஷ் மொழியில் ஜிப்சிகள் என்று பொருள் கொள்ளும் அளவுக்கு அந்தப் பெயர் பரவியது. அவரது வழித்தோன்றல்கள் பலர் வேல்ஸின் தேசிய வாத்தியமான யாழில் தேர்ந்தவர்கள். அவர்களில் மிகப் புகழ்பெற்றவர் ஜான் ராபர்ட்ஸ் (1816–1894). 'வேல்ஸின் யாழிசைஞர்' என்றே அழைக்கப்பட்டவர், 1889இல் பாலே மாளிகையில் விக்டோரியா அரசியின் முன் தன் மகன்களோடு வாசித்தவர்.

அவர் பெயரில் வுட் எங்கே போயிற்று? அவருடைய தாய் சாரா வுட், ஆப்ரமின் பேத்தி. தந்தை பென்ட்ரவோய்லஸ் ஊரைச் சேர்ந்த வெல்ஷ்காரர் ஜான் ராபர்ட் லூயிஸ். வெல்ஷ் வழக்கப்படி தந்தை பெயரில் இருந்த ராபர்ட் மகனுக்கு ராபர்ட்ஸ் ஆயிற்று. வேல்ஸில் ராபர்ட்ஸ் என்ற பெயருக்குக் குறைவே இல்லை. கையேட்டை வைத்துக்கொண்டு குடும்பப் பெயரை மட்டும் தேடுபவர் இந்த மனிதரைத் தாண்டிப் போய்விடுவார். ஆனால் ரோமானி மொழியைச் சரளமாகப் பேசி, அதன் கதைகளை மறக்காமல் வைத்திருந்து, தாய் வழி உறவிலேயே மணமுடித்து, தன் பிள்ளைகளுக்கு யாழைக் கொடுத்துச் சென்றவர் அவர். குடும்பப் பெயர் தந்தை வழியை மட்டுமே சொல்லும். எள்ளுத் தாத்தா, எள்ளுப் பாட்டி வரிசையில் ஒருவருக்குப் பதினாறு பேர் உண்டு. அவர்களில் ஒரே ஒருவரின் பெயரைத்தான் இன்றைய குடும்பப் பெயர் சுமந்து வருகிறது. மற்றப் பதினைந்து பேரைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரி நூலகராக இருந்த ஜான் சாம்ப்சன் 1894இல் வேல்ஸின் பாலா ஊரருகே எட்வர்ட் வுட் என்ற யாழிசைஞரைச் சந்தித்தார். இங்கிலாந்தில் ஆங்கில இலக்கணத்துக்குள் கரைந்துபோயிருந்த ரோமானி, இங்கே வேற்றுமை உருபுகளோடும் வினைத் திரிபுகளோடும் முழு மொழியாக உயிரோடு இருப்பதைக் கண்டு திகைத்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து 1926இல் வேல்ஸ் ஜிப்சிகளின் மொழி பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். ஆப்ரம் வுட்டின் குடும்பம் இல்லாவிட்டால் அந்த நூலே இல்லை.

பெயர் கைவிட்ட பிறகு தேடுபவருக்கு என்ன மிஞ்சுகிறது? நிறையவே மிஞ்சுகிறது. என் பார்வையில் இந்தத் துறையின் சுவாரசியமே இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1861 கணக்கெடுப்பில், கென்ட் மாவட்டத்தில் ஒரு வண்டிப்பாதை ஓரக் கூடாரம். குடும்பத் தலைவர் ஸ்மித், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுபவர், பிறந்த ஊர் தெரியாது. மனைவி பெயர் சின்ஃபி. மூத்த பிள்ளை ஹாம்ப்ஷயரில் பிறந்தது, இரண்டாவது சசெக்ஸில், மூன்றாவது சர்ரேயில், கைக்குழந்தை கென்டில். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக எதையும் நிறுவாது. பிரம்பு பின்னிய ஆங்கிலேயர்கள் உண்டு. ஊர் ஊராகப் போன கூலிக்காரர்கள் உண்டு. ஆனால் கூடாரமும், தொழிலும், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பிரசவமும், அக்கம்பக்கத்து ஆங்கிலேயப் பெண்கள் யாரும் வைத்துக்கொள்ளாத ஒரு முதற்பெயரும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வரும்போது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. முதற்பெயர்கள் இந்தத் தேடலில் குடும்பப் பெயரைவிட நம்பகமானவை. சின்ஃபி, மிசெல்லி, பிளேட்டோ, கெசையா, ஷாட்ராக், பிரிட்டானியா, லிபர்ட்டி போன்ற பெயர்கள் ரோமானிக் குடும்பங்களில் பாட்டியிடமிருந்து பேத்திக்கும் தாத்தாவிடமிருந்து பேரனுக்கும் இறங்கிக்கொண்டே வரும். குடும்பப் பெயர் ஊராருக்குக் காட்ட, முதற்பெயர் பிள்ளையைக் கூப்பிட. அதில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரைபடத்தில் குறித்தால் பெரும்பாலும் ஒரு சுற்றுப்பாதை கிடைக்கும். அது பருவத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். செப்டம்பரில் கென்டில் ஹாப் காய் பறிப்பு. பீருக்குக் கசப்பைத் தரும் அந்தக் காய்க்காக ஆண்டுதோறும் ரோமானிக் குடும்பங்கள் அங்கே கூடின. கோடையில் பழத் தோட்டங்கள், குதிரைச் சந்தைகள். குளிர் காலத்தில் லண்டன் ஓரத்து நாட்டிங் டேல், வாண்ட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் தங்கல். ஒரு குடும்பத்தின் ஞானஸ்நானங்கள் இந்தச் சுழற்சியை ஒட்டி வந்தால் தேடல் சரியான தடத்தில் போகிறது. தேவாலய எழுத்தர்களும் சில நேரம் உதவுவார்கள். தந்தை பெயருக்கு எதிரே எகிப்தியர், வழிப்போக்கர், அலைந்து திரிபவர் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் எழுதியது இளக்காரத்தில். இன்று அதுவே பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்த பொக்கிஷம்.

எல்லாவற்றையும்விட வலுவானது திருமணம். மூன்று தலைமுறைகளாக ஸ்மித்துகள் பாஸ்வெல்களையும், பாஸ்வெல்கள் ஹெர்ன்களையும், ஹெர்ன்கள் மீண்டும் ஸ்மித்துகளையும் மணந்திருந்தால், ஒவ்வொரு பெயரும் தனியாக எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும், அந்தப் பின்னல் சாதாரணமானதல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சாலையோரம் வாழ்ந்தவர்கள் எல்லோரும் ரோமானிகள் அல்லர். திருவிழாக் கடைக்காரர்கள், கால்வாய்ப் படகுக்காரர்கள் என்று பலர் உண்டு. ஐரிஷ் டிராவலர்கள் வேறொரு மக்கள். 2017இல் வெளியான மரபணு ஆய்வு அவர்கள் அயர்லாந்தின் பிற மக்களிலிருந்து ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவர்கள் என்று காட்டியது. ரோமாக்களோடு வம்சத் தொடர்பு அதில் தென்படவில்லை. கூடாரம் ஒன்றுபோல இருப்பதால் முன்னோரும் ஒன்றாகிவிட மாட்டார்கள்.

இந்த முறையை ஒரு புகழ்பெற்ற மனிதர்மேல் வைத்துப் பார்க்கலாம். சார்லி சாப்ளின் 1964இல் எழுதிய தன்வரலாற்றில், தன் தாய்வழிப் பாட்டி பாதி ஜிப்சி என்றும், குடும்பம் அதை மறைத்து வந்தது என்றும் சொல்கிறார். அவர் இறந்த பிறகு, பூட்டியிருந்த மேசை இழுப்பறை ஒன்றில் ஒரு கடிதம் கிடைத்தது. பர்மிங்ஹாம் அருகே ஸ்மெத்விக்கில் உள்ள பிளாக் பேட்ச் என்ற ரோமானி முகாமில், ஒரு கூண்டு வண்டிக்குள் சாப்ளின் பிறந்தார் என்கிறது அது. சாப்ளினின் பிறப்புப் பதிவோ இன்றுவரை கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் உளவுத்துறையே தேடியும் கிடைக்கவில்லை. சாப்ளின், ஹில் என்ற அவருடைய தந்தைவழி, தாய்வழிப் பெயர்கள் இரண்டும் கையேட்டுப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பவை அல்ல. பாட்டியைப் பற்றிய குடும்ப நினைவை நான் மதிக்கிறேன். பெருமைக்காகச் சொன்னதல்ல அது, மறைக்கப்பட்டு வந்த செய்தி. பிளாக் பேட்ச் பிறப்புக்கு ஒற்றைக் கடிதம் மட்டுமே சாட்சி. பிறப்புப் பதிவு இல்லாதது அந்தக் கூற்றுக்கு இடம் தருகிறது, ஆதாரம் தரவில்லை.

பதிவேடுகள் தீர்ந்த இடத்தில் இன்று எல்லோரும் எச்சில் குழாயை நோக்கிப் போகிறார்கள். டி.என்.ஏ. எவ்வளவு தூரம் உதவும்?

ரோமா மக்களின் பொதுவான தோற்றம் பற்றி மரபியல் தெளிவாகவே பேசுகிறது. ஐரோப்பாவின் 13 ரோமா குழுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, வடமேற்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒரே சிறு கூட்டத்தின் வழியினர் அவர்கள் என்றும், பால்கனிலிருந்து ஐரோப்பாவெங்கும் பரவியது ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்றும் கணித்தது. அதே ஆண்டு ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர், ரோமா ஆண்களிடம் பரவலாக உள்ள எச்-எம்82 என்ற ஒய் குரோமோசோம் கிளையைப் பின்தொடர்ந்தார்கள். அதன் நெருங்கிய உறவுகள் வடமேற்கு இந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் இருப்பதைக் காட்டினார்கள்.

நோய் தரும் மரபணு மாற்றங்களும் சாட்சி சொல்கின்றன. காது கேளாமையை உண்டாக்கும் டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம் ஸ்லோவாக்கியாவிலும் ஸ்பெயினிலும் உள்ள ரோமாக்களிடம் காணப்படுகிறது. சுற்றியுள்ள ஐரோப்பியரிடம் மிக அரிது. இந்தியாவில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கான காரணங்களில் முன்னிற்பதும் அதுவே. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிறையக் குடும்பங்களில் பதிவாகியிருக்கிறது. மொழிக் கதையில் வாலி தேடிய தென்னிந்தியத் தொடர்பு கிடைக்கவில்லை. இந்தத் துணைக்கண்டத்தின் பொதுச் சொத்தான ஒரு பழைய மாற்றம் அவர்களிடமும் நம்மிடமும் இருக்கிறது.

மக்கள் கூட்டத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் டி.என்.ஏ., ஒரு தனி மனிதரின் எள்ளுப் பாட்டியைப் பற்றிக் கேட்டால் முணுமுணுக்கத் தொடங்குகிறது. பதினாறு பேரில் ஒருவரிடமிருந்து சராசரியாக வருவது 6.25 சதவீதம். ரோமாக்களின் மரபணுவில் தென்னாசியப் பங்கு ஏறத்தாழ கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான். வழியில் கலந்தது மீதி. ஆக எள்ளுப் பாட்டி முழு ரோமானியாக இருந்தாலும் எள்ளுப் பேரனிடம் தெரியக்கூடிய தென்னாசியச் சாயல் இரண்டு சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். பிரிட்டனில் பல தலைமுறைகள் கலந்த குடும்பம் என்றால் இன்னும் குறையும். பத்துத் தலைமுறை பின்னால் போனால், அதாவது ஆப்ரம் வுட் பிறந்திருக்கக்கூடிய காலத்துக்குப் போனால், 1,024 முன்னோர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடமிருந்து ஒரு துணுக்குகூட வந்து சேர்ந்திருக்காது. முன்னோர் உண்டு, மரபணுத் தடம் இல்லை.

தென்னாசியச் சாயல் இரண்டு சதவீதம் என்று அறிக்கை வந்துவிட்டாலும் அவசரப்படக் கூடாது. அந்த இரண்டு சதவீதம் சென்னையிலிருந்து போயிருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காலத்துச் சிப்பாய்களும் எழுத்தர்களும் இங்கே மணந்து, பிள்ளைகளோடு ஊர் திரும்பியிருக்கிறார்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் எழுந்த புனித மேரி தேவாலயம் போன்ற ஆலயங்களில் நடந்த ஞானஸ்நானங்கள், திருமணங்களின் படிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ரோமானி என்று முடிவு கட்டுமுன் அவற்றையும் புரட்ட வேண்டும். டி.என்.ஏ.யிலேயும் வேறுபாடு உண்டு. இருநூறு ஆண்டுக்கு முந்தைய சென்னைப் பாட்டி தந்த துண்டுகள் முழுக்க இந்தியத் துண்டுகளாக இருக்கும். ரோமானிப் பாட்டி தந்தவற்றில் இந்தியச் சிதறல்கள் பால்கன், காகசஸ் பகுதிகளின் சாயல்களோடு பின்னிக் கிடக்கும், ரோமா என்று உறுதியாகத் தெரிந்த மற்றவர்களின் துண்டுகளோடு பொருந்தவும் செய்யும்.

அந்த ஒப்பீட்டுக்கு ரோமாக்களின் மாதிரிகள் வேண்டும். அவை எப்படி வந்தன? 2021இல் வெரோனிகா லிப்ஹார்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நூறு ஆண்டுகளில் வெளியான 450க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். போதிய சம்மதமின்றி எடுக்கப்பட்ட மாதிரிகள், ஒரு நோக்கத்துக்கு எடுத்து வேறு நோக்கங்களுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்ட மாதிரிகள் என்று அந்தக் கட்டுரை அடுக்கியது. நான் மேலே பெருமையோடு சொன்ன அறிவின் ஒரு பகுதி இப்படித் திரட்டப்பட்டது என்பது என்னை உறுத்துகிறது.

பழைய குடும்பங்கள் வெளியாரிடம் பெயரும் உறவும் சொல்லத் தயங்குவதற்கு இன்னும் கொடிய காரணம் ஜெர்மனியில் இருக்கிறது. நாஜி ஆட்சியின்கீழ் 1936 முதல் பெர்லினில் ராபர்ட் ரிட்டர் என்ற மருத்துவர் ஓர் 'இனத் தூய்மை' ஆய்வகத்தை நடத்தினார். அவரும் அவரது உதவியாளர் ஈவா ஜஸ்டினும் முகாம் முகாமாகப் போனார்கள். தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டினார்கள், குடும்பப் பெயர்களைப் பின்தொடர்ந்தார்கள், யார் யாரை மணந்தார்கள் என்று மரங்கள் வரைந்தார்கள். இந்த அத்தியாயத்தில் நான் விவரித்த அதே முறைகள். பதினாறு எள்ளுத் தாத்தா பாட்டிகளில் இருவர் ரோமா என்றாலே ஒருவரைக் 'கலப்பு ஜிப்சி' என்று வகைப்படுத்தினார்கள். ஏறத்தாழ 24,000 பேரைப் பற்றி அறிக்கைகள் எழுதப்பட்டன. அந்த அறிக்கைகளை வைத்துக் குடும்பங்கள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ஏற்றப்பட்டன. 1944 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு அங்கிருந்த ரோமா குடும்ப முகாமில் எஞ்சியிருந்த ஏறத்தாழ 4,300 பேர் நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரிட்டரும் ஜஸ்டினும் தண்டிக்கப்படவில்லை. அவர்கள் திரட்டிய கோப்புகளின் ஒரு பகுதி மானுடவியல் ஆராய்ச்சிப் பொருளாகக் கைமாறி டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1981 செப்டம்பர் 1ஆம் தேதி, முகாம்களிலிருந்து உயிர் தப்பிய முதியவர்கள் உட்பட சிந்தி மக்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டார்கள். தங்கள் தாத்தா பாட்டிகளின் பெயர்கள் எழுதப்பட்ட அந்தத் தாள்களை ஆராய்ச்சியாளர்களின் கையிலிருந்து விடுவிக்கும்வரை அவர்கள் எழவில்லை. அன்றே கோப்புகள் கோப்லென்ஸ் நகரத்தின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின.